டாஷ்போர்டில் ஒரு துளை: அதன் மேல் யாருக்கு உரிமை?

பழைய காருக்குப் புதிய ஸ்டீரியோ எதற்கு என்பது பெங்களூரில் கேள்வியாக அல்ல, ஏளனமாகவே கேட்கப்படுகிறது. அறுபதாயிரம் ரூபாய்க்குக்கூட விலைபோகாத வண்டியில் இருபதாயிரம் ரூபாய்க்கு ஒலிக்கருவி பொருத்துகிறவர் பணத்தின் அருமை அறியாதவர் என்பது அதன் உட்பொருள். வண்டியின் மறுவிற்பனை விலையை வைத்து அதனுள் அமர்ந்திருப்பவரின் செவிக்கு விலை நிர்ணயிக்கும் கணக்கு இது. சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பாள் மேம்பாலத்திலும் அன்றாடம் மணிக்கணக்கில் நிற்க விதிக்கப்பட்ட ஒருவருக்கு அந்த இருக்கை வீட்டின் ஓர் அறைக்குச் சமம். ஆனால் இந்த ஏளனம் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை மறைக்கிறது: வாங்கிய பொருளின் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தும் உரிமை யாருக்கு உரியது?

பழைய காரின் டாஷ்போர்டில் ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு செவ்வகத் துளை உண்டு. ஜெர்மானியத் தரநிலையாகத் தொடங்கிய இவ்வளவு, 1980களில் ஐஎஸ்ஓ 7736 என்னும் பன்னாட்டுத் தரநிலையாயிற்று. ஜப்பானியர் இதன் உயரத்தை இரட்டித்து 100 மில்லிமீட்டர் ஆக்கினர். கடைக்காரர் மொழியில் முன்னது சிங்கிள் டின், பின்னது டபுள் டின். கார் செய்தவர் யார், செட் செய்தவர் யார் என்று இத்துளை கேட்பதில்லை. இலக்கணம் ஒன்றாக இருப்பதால் முன்பின் அறியாத இருவர் பேசிக்கொள்ள முடிவதைப் போல, அளவு ஒன்றாக இருந்ததால் ஒருவர் செய்த காரில் மற்றொருவர் செய்த கருவி அமர்ந்தது. என்ன பேசுவது என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை. எதைக் கேட்பது என்பதை அத்துளையும் தீர்மானிக்கவில்லை.

இதன் விளைவை மாருதி 800இல் காணலாம். 1983 டிசம்பரில் முதல் வண்டி உரிமையாளர் கைக்குச் சென்றது. 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 மாசுவிதி நடைமுறைக்கு வந்த 13 நகரங்களுள் பெங்களூரும் ஒன்று என்பதால், இங்கே அதன் புதுவிற்பனை அப்போதே முடிந்தது. ஆகவே இந்நகரில் புதிதாக வாங்கப்பட்டு இன்றும் ஓடும் மாருதி 800 ஒவ்வொன்றும் 15 வயதைக் கடந்தது. அந்த ஆயுளுக்குள் ஒலிநாடா போய்க் குறுந்தகடு வந்தது. குறுந்தகடு போய் யுஎஸ்பியும் புளூடூத்தும் வந்தன. 2001 ஜூலையில் இந்தியாவின் முதல் தனியார் பண்பலை வானொலி இந்நகரில்தான் ஒலிக்கத் தொடங்கியது. இத்தனை மாற்றங்களுக்கும் அவ்வண்டி ஈடுகொடுத்தது தயாரிப்பாளரின் தயவால் அன்று, ஜே.சி. சாலையில் தகடு வெட்டவும் வயர் இணைக்கவும் தெரிந்த கைகளால்.

புதிய கார்களில் அந்தத் துளை அடைக்கப்பட்டுவிட்டது. ஏசியின் கட்டுப்பாடு, பின்புறக் கேமரா, வண்டியின் அமைப்புகள் யாவும் ஒரே திரைக்குள் செலுத்தப்பட்டுள்ளன. ஒலி பிடிக்கவில்லை என்று திரையைக் கழற்றினால் காரின் பாதி நினைவே போய்விடும். வசதி என்ற பெயரில் நிகழ்ந்திருப்பது உரிமைப் பறிப்பு. ஒரு காரின் எஞ்சின் இருபது ஆண்டு உழைக்கலாம்; ஆனால் அதன் மென்பொருளுக்கு அந்த ஆயுள் தரப்படுவதில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 3ஜி சேவையை நிறுத்தியபோது, ஓடும் நிலையிலிருந்த பல கார்கள் தம் இணைய வசதிகளை இழந்தன. 2023இல் ஜெனரல் மோட்டார்ஸ், தன் வருங்கால மின்கார்களில் ஆப்பிள் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இரா என அறிவித்தது. ஓட்டுநர் தம் கைபேசியை எப்படிக் கேட்பது என்பதை இனி நிறுவனம் தீர்மானிக்கும் என்பதே அதன் பொருள்.

மொழியும் இதில் சிக்குண்டிருக்கிறது. ஒலிநாடாவுக்கு எழுத்துரு தேவைப்படவில்லை. திரைக்குத் தேவை. தமிழிலோ கன்னடத்திலோ பெயரிட்ட பாடற்கோப்பை மலிவான கருவி பல நேரங்களில் வெற்றுக் கட்டங்களாகக் காட்டும். கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். பழைய காரில் இதற்குத் தீர்வு உண்டு: அதைக் கழற்றிவிட்டு, எழுத்தை ஒழுங்காகக் காட்டும் வேறொன்றைப் பொருத்தலாம். மூடிய காரில் எந்த மொழி திரையில் இடம்பெறும் என்பது நிறுவனத்தின் பொருளாதாரக் கணக்கு. கன்னடம், தமிழ், தெலுங்கு, தக்கினி உருது ஆகிய நான்கும் ஒரே சிக்னலில் ஒலிக்கும் நகரத்துக்கு இது சிறிய செய்தியன்று.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. பழைய வண்டியில் வெளியார் கைவைத்தால் வயர் உருகும், தீப்பற்றும் என்பது அது. உண்மை. பழைய வயரின் காப்புறை காய்ந்து வெடித்திருக்கும். அதை அறுத்து முறுக்கி டேப் சுற்றுவது பெங்களூரின் வெயிலிலும் மழையிலும் நெடுநாள் நில்லாது. ஆம்பிளிஃபயருக்கான மின்சாரத்தைச் செட்டின் மெல்லிய வயரிலிருந்து திருடுவது அதனினும் கேடு. ஆனால் இவ்வாதம் எதை நிறுவுகிறது? வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பதை மட்டுமே. பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ், பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் இறுக்கிய எர்த், வண்டியின் வயரை அறுக்காமல் இணைக்கும் கப்ளர்: இந்த நான்கும் இருந்தால் அச்சத்தின் பெரும்பகுதி அகலும். தையற்காரர் ஊசியால் குத்திக்கொள்கிறார் என்பதற்காக எவரும் ஊசியைத் தடைசெய்வதில்லை. பாதுகாப்பை முன்வைத்துத் துளையை அடைக்கும் நிறுவனங்கள், அதே பாதுகாப்பை முன்வைத்து வயரிங் வரைபடத்தை வெளியிட மறுப்பதேன்?

வணிகத்தின் குற்றத்தையும் மறைக்க வேண்டியதில்லை. செட்டின் பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமாக 4 ஓம். 14.4ஐ அதனாலேயே பெருக்கி 4ஆல் வகுத்தால் சுமார் 52 வாட் வருகிறது. அந்த 50இன் பிறப்பிடம் இதுதான். ஆனால் அது முற்றிலும் சிதைந்த சதுர அலைக்கான கணக்கு. தூய அலைக்கு அதில் பாதியே கிட்டும்; இழப்புகள் போக எஞ்சுவது 20 வாட்டை ஒட்டிய அளவு. பெட்டி சொல்வது முழுப்பொய்யன்று. இசைக்குப் பொருந்தாத உண்மை. இதை அறியாதவர் பெரிய திரையை வாங்கிவிட்டு, மெல்லிய தகட்டுக் கதவில் பழைய ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிடுகிறார். கதவின் உட்துளைகளை அடைத்து, அதிர்வடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி பொருத்தினால் கிடைக்கும் ஒலி, பத்து அங்குலத் திரையால் கிடைக்காது. கூம்பின் பின்புற ஒலி அத்துளைகள் வழியே வந்து முன்புற ஒலியை அழிப்பதால்தான் பழைய கார்களில் பேஸ் எழுவதில்லை. ஆயினும் இந்த ஏமாற்றிலிருந்து வாங்குபவர் தப்ப முடியும். அடுத்த கடை இருக்கிறது, அடுத்த செட் இருக்கிறது. அடைத்த துளையிலிருந்து தப்ப வழியில்லை.

அரசு எப்பக்கம் நிற்கிறது? 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. 2025இல் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000 ரூபாய். பழைய வண்டியின் புகைக்கு விலை வைப்பதில் நியாயம் இருக்கலாம். அதே அரசு 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. ஆய்வுக்கு எடுத்த நான்கு துறைகளுள் வாகனத் துறையும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. தகவற்பலகை வேறு, சட்டம் வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் வாகனப் பழுதுநீக்க உரிமையைச் சட்டமாக்கியது; 2020இல் வண்டி கம்பியின்றி அனுப்பும் தரவுக்கும் அதை விரிக்க மக்களே வாக்களித்தனர். இங்கே கட்டணத்துக்குக் கட்டாயம் உண்டு. உரிமைக்கு அறிவுரை மட்டுமே உண்டு.

இந்தியாவில் வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது; 1980களில் அது ஒழிந்தது. அன்று கேட்பதற்கு அரசிடம் அனுமதி வேண்டியிருந்தது. இன்று அந்த அனுமதிக் கையெழுத்து நிறுவனத்திடம் சென்றுவிட்டது, வேறுபாடு அவ்வளவே.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. ஒலிக்கருவியை வண்டியின் பிற இயக்கங்களிலிருந்து பிரித்து அமைக்கும் தரநிலை வேண்டும். வயரிங் வரைபடங்கள் வண்டியை வாங்கியவருக்கும் அவர் நம்பும் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். ஜே.சி. சாலையில் செவிவழியே கைமாறும் தொழிலறிவு, ஐடிஐ பாடத்திட்டத்தில் சான்றிதழோடு இடம்பெற வேண்டும். இவை கிட்டும்வரை, பழைய காரில் புதிய செட் பொருத்துகிறவரை ஊதாரி என்று இகழ்வதை இந்நகரம் நிறுத்திக்கொள்ளட்டும். பிறர் இழந்துவிட்ட ஓர் உரிமையை அவர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.