கைதியா, நோயாளியா?

போதைப் பொருளை உபயோகிப்பவனைச் சிறையில் தள்ளுவதா, வேண்டாமா என்ற வாதம் எழும்போதெல்லாம் இரு தரப்பாரும் ஒரு சிறிய நாட்டைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்த நாடு போர்ச்சுகல். 1961 வரை கோவாவை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த அதே போர்ச்சுகல்தான். 'அங்கே லாகிரி வஸ்துக்களைச் சட்டமே அனுமதித்தது. குற்றம் ஒழிந்தது' என்கிறது ஒரு தரப்பு. 'அனுமதித்தார்கள், தெருக்கள் கெட்டுப்போயின' என்கிறது மறு தரப்பு. இரண்டும் சரியல்ல. போர்ச்சுகல் எதையும் அனுமதிக்கவில்லை. கடத்தி விற்பவனுக்கு அங்கே 4 முதல் 12 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. மாறியது, வாங்கி உபயோகிப்பவனுடைய கதி மட்டுமே.

அந்த மாற்றம் தத்துவ விசாரத்தினால் வந்ததல்ல. தாங்க முடியாத துன்பத்தினால் வந்தது. சலஸார் தொடங்கி வைத்த சர்வாதிகாரம் 1974-ல் கவிழ்ந்தது. ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து படை வீரர்களும் அங்கே குடியேறியிருந்தவர்களும் லட்சக்கணக்கில் தாய்நாடு திரும்பினார்கள். கஞ்சாப் பழக்கமும் கூடவே வந்தது. அதன் பின்னாலேயே ஹெராயின் வந்தது. வெளியுலகக் காற்றுப் படாமல் பல்லாண்டு அடைபட்டுக் கிடந்த சமுதாயம், வந்தது இன்னதென்று தெரியாமலே அதற்கு இடம் கொடுத்துவிட்டது. 1990-களில், ஒரு கோடி ஜனத்தொகையில் சுமார் ஒரு லட்சம் பேர் ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்ததாக மதிப்பிடப்பட்டது. தலைநகரான லிஸ்பனில், காஸால் வெந்தோஸோ என்ற குடியிருப்பில், பட்டப்பகலில் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒரே ஊசி பல கை மாறியதால் எய்ட்ஸ் கிருமி பரவியது. ஏழை வீடு, பணக்கார வீடு என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. சட்டம் திருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அடுத்தவன் பிள்ளை கெட்டால் குற்றவாளி, தன் பிள்ளை கெட்டால் நோயாளி என்று நினைப்பதுதானே உலக வழக்கம்!

1998-ல் ஒரு நிபுணர் குழு நியமிக்கப்பட்டது. ஜோவாவ் கூலாவ் என்ற டாக்டரும் அதில் இருந்தார். உபயோகிப்பவனை நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்று குழு சிபாரிசு செய்தது. அப்போதைய பிரதமர், பின்னாளில் ஐ.நா. பொதுச் செயலாளரான அந்தோனியோ குட்டெரஸ். அவருடைய சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. 2001 ஜூலை 1 முதல் புதிய சட்டம் அமுலுக்கு வந்தது.

சட்டத்தைவிட அதை நடத்தும் விதமே கவனிக்கத்தக்கது. பத்து நாள் உபயோகத்துக்கு மேற்படாத அளவு, அதாவது ஹெராயின் என்றால் 1 கிராம், கோக்கேயின் என்றால் 2 கிராம், வைத்திருப்பவன் பிடிபட்டால் போலீஸார் சரக்கைப் பறிமுதல் செய்கிறார்கள். ஆனால் அவனைக் கோர்ட்டுக்கு அனுப்புவதில்லை. மூன்று பேர் கொண்ட ஒரு கமிஷன் முன் ஆஜராகச் சொல்கிறார்கள். சட்டம், வைத்தியம், மனோதத்துவம், சமூக சேவை போன்ற துறைகளில் பழகியவர்கள் அதில் இருக்கிறார்கள். குற்றவாளிக் கூண்டு இல்லை. கறுப்பு அங்கி இல்லை. மேஜை எதிரே உட்கார வைத்துப் பேசுகிறார்கள். வந்திருப்பவன் எப்போதோ ஒரு முறை உபயோகிப்பவனா, அதற்கே அடிமைப்பட்டவனா என்பதுதான் முதல் கேள்வி. முந்தியவன் என்றால் பெரும்பாலும் எச்சரித்து அனுப்பிவிடுகிறார்கள்; சில சமயம் அபராதம் உண்டு. பிந்தியவன் என்றால் சிகிச்சைக்கு வழி காட்டுகிறார்கள். அடிமைப்பட்டவனுக்கு அபராதம் விதிக்கக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. மிகவும் கூர்மையான ஏற்பாடு இது. கையில் காசில்லாதவனுக்கு அபராதம் போட்டால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகத்தான் வரும்.

போதைக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த வேளை ஹெராயின் கிடைக்காவிட்டால் உடம்பு முறுக்கும், நடுங்கும், வாந்தி எடுக்கும். அந்த வேதனைக்குப் பயந்தே பலர் திருடுகிறார்கள். மெத்தடோன் என்ற மாற்று மருந்தை லிஸ்பனில் வண்டிகளில் கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். வாயால் குடிக்கும் மருந்து அது. ஊசியும் வேண்டாம், திருட்டும் வேண்டாம். கடத்தல்காரர்களின் கொள்ளை லாபமும் அவர்களுக்குள் நடக்கும் வெட்டுக் குத்தும் வேறு விஷயம். அவற்றை இந்தச் சட்டம் தொடவில்லை. தொட்டதாகச் சொல்கிறவர்கள் அதிகப்படியாகச் சொல்கிறார்கள்.

பலன் என்ன? 2001-ல் ஊசி மூலம் போதை ஏற்றுவோரிடையே புதிதாகக் கண்டறியப்பட்ட எய்ட்ஸ் கிருமித் தொற்று 1,000-க்கு மேல். 2012-ல் அது 100-க்கும் கீழே வந்தது. போதைக் குற்றங்களுக்காகச் சிறையில் இருந்தவர்களின் விகிதம், பத்தாண்டுக்குள் ஏறக்குறையப் பாதியாயிற்று. போதைக்காக வெளிநாட்டார் விமானம் ஏறி வந்து குவிவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் எச்சரித்தார்களே, அப்படி எவரும் வந்து குவியவில்லை.

இதைப் பார்த்து அமெரிக்காவில் ஆரெகன் ராஜ்யம் ஆசைப்பட்டது. 2020 நவம்பரில் ஜனங்களே ஓட்டுப் போட்டு, உபயோகத்துக்கான சிறைத் தண்டனையை எடுத்தார்கள். பதிலுக்கு வைத்தது 100 டாலர் அபராதச் சீட்டு. ஒரு டெலிபோன் எண்ணைக் கூப்பிட்டு உடல்நல விசாரணைக்கு உட்பட்டால் அபராதமும் தள்ளுபடி. சீட்டு வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கூப்பிடவும் இல்லை, கட்டவும் இல்லை. சிகிச்சைக்கென்று ஒதுக்கிய பணம் நிலையங்களுக்குப் போய்ச் சேரவே ஓராண்டுக்கு மேல் பிடித்தது. பூட்டைக் கழற்றினார்கள், ஆஸ்பத்திரியைத் திறக்க மறந்தார்கள். போதாக்குறைக்கு, அதே ஆண்டுகளில் பெண்டானில் என்ற கொடிய நஞ்சு அந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. சாவுகள் பெருகின. அந்தப் பழி முழுவதையும் சட்டத்தின் தலையில் போடுவது நியாயமல்ல. ஆனால் கோபம் கொண்ட ஜனங்களிடம் இந்தக் கணக்கு எடுபடுமா? 2024 செப்டம்பர் 1 முதல் ஆரெகனில் மறுபடியும் அது குற்றமாயிற்று.

போர்ச்சுகலும் பாடம் படிக்காமல் தப்பவில்லை. கடன் நெருக்கடியில் சிக்கி, செலவைக் குறைக்கும் வேகத்தில், 2012-ல் போதைத் தடுப்புக்கான தனி ஸ்தாபனத்தைக் கலைத்து, சிகிச்சைப் பொறுப்பைப் பிராந்திய சுகாதார இலாகாக்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்த வேலை சிதறியது, பணமும் சுருங்கியது. சில ஆண்டுகளில் போர்ட்டோ நகரத்தில், பள்ளிக்கூடங்களுக்கு அருகிலேயே மறுபடியும் ஊசிகள் கிடந்தன. 2023-ல் அந்நகரத்தார் எழுப்பிய கூக்குரல் நாடு முழுவதும் கேட்டது. சட்டத்தில் ஓர் எழுத்துக்கூட மாறாமலே இத்தனையும் நடந்தது.

ஆனாலும் சிறைக்குத் திரும்பும் யோசனை அங்கே வெல்லவில்லை. அதே 2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய திருத்தம் நேர்மாறான திசையில் போயிற்று. பத்து நாள் அளவுக்கு மேல் ஒருவன் வைத்திருந்தாலும், அது விற்பனைக்கல்ல, சொந்த உபயோகத்துக்கே என்று தெரிந்தால், அவன் போக வேண்டிய இடம் கோர்ட் அல்ல, அந்த மூவர் கமிஷன்தான்.