சாதிக்குச் சாட்சி எங்கே என்கிறார்கள்

வன்கொடுமை நடந்தது உண்மை. குற்றவாளி அவன்தான். ஆயுள் தண்டனையும் சரி. ஆனால் சாதி? அதற்குச் சாட்சியம் இல்லை. 2021 ஏப்ரல் 27 அன்று பத்தான் ஜமால் வலி வழக்கின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்.

2011இல் ஆந்திராவில் நடந்தது. பிறவியிலேயே பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண். அவருடைய சகோதரர்களோடு பழகி வீட்டுக்கு வந்துபோனவன்தான் குற்றவாளி. குரலை வைத்தே அவனை அடையாளம் சொன்னார். மாற்றுத்திறனாளியின் சாட்சியம் மட்டமானதல்ல என்று நீதிமன்றம் அதை ஏற்றது. இந்தப் பகுதியை நாம் வரவேற்கிறோம். 1978இல் மதுரா வழக்கில், ஆதிவாசிச் சிறுமியின் உடம்பில் காயமில்லை என்று காவலர்களை விடுவித்ததும் இதே உச்ச நீதிமன்றம்தான்.

சாதி, பாலினம், ஊனம் மூன்றும் பின்னிக்கிடக்கின்றன என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(5) பிரிவின் தண்டனையை மட்டும் ரத்து செய்தார்கள். அவர் பட்டியல் சாதி ‘என்ற காரணத்தினால்’ குற்றம் நடந்திருக்க வேண்டும் என்பது அன்றைய சட்ட வாசகம். அரசுத் தரப்பு அதைத் தனியாக நிரூபிக்கவில்லையாம்.

ஆயுள் தண்டனைதான் நிற்கிறதே, அப்புறமென்ன என்று கேட்கிற வக்கீல்கள் உண்டு. நாம் கேட்கிறோம்: திருச்சுழிப் பக்கம் கருவேலங்காட்டுக்கு விறகு பொறுக்கப் போகும் காலனிப் பெண்ணை மறிக்கிறவன் சாதிப் பெயரைச் சொல்லிவிட்டா மறிப்பான்? கேட்க ஆளில்லை, ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம் என்கிற தைரியம் அவனுக்கு எங்கிருந்து வருகிறது? அந்தத் தைரியத்துக்குப் பெயர் வேறென்ன?

2016 ஜனவரி 26 முதல் வாசகம் மாறிவிட்டது. சாதி ‘தெரிந்தே’ செய்தால் போதும். பாதிக்கப்பட்டவரோடோ குடும்பத்தோடோ பழக்கம் இருந்தாலே, சாதி தெரியும் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 8. மறுப்பவன்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆனால் மேல்முறையீட்டில் நீதிபதிகள் படிப்பது பெரும்பாலும் கீழே பதிவான காகிதங்களைத்தான். அதில் இல்லாதது அங்கே இல்லவே இல்லை. ஸ்டேஷனுக்குக் கூடப் போகும் தோழர்களே, எஃப்.ஐ.ஆரில் வன்கொடுமைப் பிரிவு இருக்கிறதா, டிஎஸ்பிதான் விசாரிக்கிறாரா என்று பாருங்கள். அவன் எந்தத் தெரு, எத்தனை வருடப் பழக்கம், அவன் தோட்டத்தில் இவர் வீட்டார் யார் கூலிக்குப் போனார்கள், அங்கே எந்த டம்ளரில் டீ கிடைத்தது, எல்லாம் வாக்குமூலத்தில் ஏற வேண்டும். “இதெல்லாம் எதுக்கும்மா?” என்று ஏட்டு சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும்.

ஜாமீனிலிருந்து தண்டனை விசாரணை வரைக்கும் பாதிக்கப்பட்டவர் பேச 15அ பிரிவு உரிமை தருகிறது. நோட்டீஸ் வரவில்லையா? கேட்டு வாங்குங்கள்.