சொந்த மண்ணும் தூரப் பிரயாணமும்

2012ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஷார்க்ஸ் அணியினர் மேற்கொண்ட ஒரு பிரயாணத்தைக் குறித்து இவ்வாரம் உங்களோடுகூடச் சிந்திக்க விரும்புகிறேன். சூப்பர் ரக்பி போட்டியின் லீக் பட்டியலில் ஆறாவது இடத்தைப் பெற்று, கடைசி அணியாக பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். முதல் வாரம் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் போய், முந்தைய ஆண்டின் சாம்பியனாகிய ரெட்ஸ் அணியை 30-17 என்ற கணக்கில் ஜெயித்தார்கள். இரண்டாம் வாரம் அதே கடலைத் திரும்பவும் கடந்து கேப்டவுனுக்கு வந்து, பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த ஸ்டார்மர்ஸ் அணியை 26-19 என்று வீழ்த்தினார்கள். மூன்றாம் வாரம் மறுபடியும் விமானம். இம்முறை நியூசிலாந்தின் ஹாமில்டன். ஆகஸ்ட் 4ஆம் தேதி நடந்த இறுதியாட்டத்தில் சீஃப்ஸ் அணி அவர்களை 37-6 என்று தோற்கடித்தது.

டர்பனைவிடப் பிரிஸ்பேன் கடிகாரம் எட்டு மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஹாமில்டனோ பத்து மணி நேரம் முன்னே. ஆக, சில வாரங்களுக்குள் எட்டு மணி முன்னே, எட்டு மணி பின்னே, பத்து மணி முன்னே என்று அந்த மனிதர்களின் சரீரம் அலைக்கழிக்கப்பட்டது. ஹாமில்டனில் இரவு எட்டு மணி என்றால் டர்பனில் காலை பத்து மணி. சீஃப்ஸ் அணியாரோ முதல் வாரம் ஆட்டமின்றி இளைப்பாறினார்கள். அரையிறுதியையும் இறுதியாட்டத்தையும் தங்கள் ஊரிலேயே ஆடி, ஒவ்வொரு இரவும் தங்கள் படுக்கையிலேயே உறங்கினார்கள். அவ்வாண்டு சீஃப்ஸ் மிகச் சிறந்த அணி என்பதை நான் மறுக்கவில்லை. ஷார்க்ஸ் அணியார் டர்பனில் சுகமாய்த் தங்கியிருந்து வந்திருந்தாலும் தோற்றிருக்கக் கூடும். ஆனால் 31 புள்ளிகள் வித்தியாசத்திலா?

பிரயாணக் களைப்பு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவதில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, பிரயாணத்தின் வெறும் அலுப்பு. விமானத்துக்குள் காற்று வறண்டது. அழுத்தமும் ஏறத்தாழ ஒரு மலை உச்சியின் அளவுக்குக் குறைந்தது. இரண்டு மீட்டர் உயரமும் நூற்றுப்பத்து கிலோவுக்கு மேல் எடையும் உள்ள ஒருவர், முந்தைய ஆட்டத்தில் வாங்கிய அடிகளோடு அந்த இருக்கையில் பல மணி நேரம் மடங்கிக் கிடப்பதை எண்ணிப் பாருங்கள். என்றாலும் நல்ல உணவும் தண்ணீரும் இரண்டு இரவு உறக்கமும் அதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். இரண்டாவது காரியம் அப்படித் தீர்வதல்ல. உறக்கம், பசி, சரீர உஷ்ணம் ஆகிய யாவையும் நடத்துகிற உள்கடிகாரம், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற அளவிலேதான் புதிய ஊரின் பொழுதுக்கு ஒத்துவரும். அதிலும் கிழக்கு நோக்கிப் போகிறவர்களுக்குத் தாமதம் அதிகம். பத்து மணி வித்தியாசத்தை ஆறு நாட்களில் எப்படிச் சரிக்கட்டுவது? எந்தப் பயிற்சியாளரின் திறமையும் இதற்குப் போதாது.

இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு இப்போது நல்லதொரு வாய்ப்பு உண்டு. தென்னாப்பிரிக்காவின் பெரிய அணிகள் 2021இல் சூப்பர் ரக்பியை விட்டு, ஐரோப்பிய அணிகளோடு யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப்பில் சேர்ந்துகொண்டன. அயர்லாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் தூரம் மிகுதி. ஆனால் பிளே-ஆஃப் நடைபெறும் மாதங்களில் கடிகார வித்தியாசம் ஒரே ஒரு மணி நேரம். 2023இல் மன்ஸ்டர் அணி காலிறுதியை கிளாஸ்கோவிலும், அரையிறுதியை டப்ளினிலும், இறுதியாட்டத்தைக் கேப்டவுனிலும் ஆடி, மூன்றையும் பிறர் மண்ணிலேயே வென்றது. ஸ்டார்மர்ஸுக்கு எதிரான இறுதியாட்டம் 19-14. அடுத்த ஆண்டு கிளாஸ்கோ அணி, கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் பிரிட்டோரியாவுக்குப் போய் புல்ஸ் அணியை 21-16 என்று வென்றது. 2025இல் அதே புல்ஸ் டப்ளினுக்குப் போய் லென்ஸ்டரிடம் 32-7 என்று நொறுங்கியதும் உண்மைதான். அங்கே இரு அணிகளின் பலத்தில் இருந்த இடைவெளியே பெரிது என்பது என் எண்ணம். இரண்டு மூன்று ஆட்டங்களை வைத்துச் சட்டம் வகுக்க முடியாது. ஆனாலும் வடக்கு தெற்காகப் போகிறவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

2017இல் குரூசேடர்ஸ் நியூசிலாந்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் போய் லயன்ஸை 25-17 என்று வென்றதை எடுத்துக்காட்டி, "மனவுறுதி இருந்தால் தூரம் ஒரு பொருட்டல்ல" என்பார்கள் சிலர். அந்த ஜெயத்தின் மகத்துவத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் லயன்ஸின் க்வாகா ஸ்மித் இடைவேளைக்குச் சற்று முன்பே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பிற்பாதி முழுவதும் 14 பேர்தான் ஆடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு வாரத்துக்கு முன் அதே மைதானத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஹரிக்கேன்ஸ் அணி அரையிறுதியில் 22-3 என்று முன்னிலையில் இருந்தது. கடைசியில் 44-29 என்று லயன்ஸ் ஜெயித்தது. 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில், நெடுந்தூரம் வந்த கால்கள் பிற்பாதியில் திராணியற்றுப் போயின. போடன் பாரெட் பெற்ற மஞ்சள் அட்டையும் ஒரு காரணமே. அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த ஹரிக்கேன்ஸின் கதையில் வேறொரு அநீதியும் உண்டு. அவ்வாண்டு லீக் சுற்றில் அவர்கள் 58 புள்ளிகள் பெற்றிருந்தார்கள். பிரம்பீஸ் பெற்றது 34. ஆனால் ஆஸ்திரேலியப் பிரிவில் முதலிடம் என்ற ஒரே காரணத்தால் காலிறுதி கான்பெராவில், பிரம்பீஸின் சொந்த மண்ணில் நடந்தது. வெலிங்டனிலிருந்து கான்பெரா, அங்கே வென்றபின் ஜோகன்னஸ்பர்க். சொந்த மண்ணில் ஆடும் உரிமை, பல மாத உழைப்பினால் சம்பாதிக்கப்படுகிற கூலி. உழைத்தவனிடமிருந்து அதை எடுத்து, அவனில் பாதியளவே சற்று மிஞ்சி உழைத்தவனுக்குக் கொடுத்தால், பிறகு லீக் சுற்று எதற்கு?

ஆகவே அந்த உரிமையையே ஒழித்துவிட்டு எல்லா இறுதியாட்டங்களையும் பொதுவான ஊரில் நடத்தலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பருவம் முழுவதும் மழையிலும் குளிரிலும் நின்று ஆர்ப்பரித்த ஊர் ஜனங்கள், கடைசி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பது நியாயமாகாது. பழகிய புல்தரை, பழகிய காற்று, நடுவர் காதிலும் விழுகிற ஜனத்தின் முழக்கம் ஆகியவற்றை வீட்டுக்காரர் அனுபவிக்கட்டும். உறங்காத எதிராளியையும் சேர்த்து அவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். கடல் கடந்து போகவேண்டிய இறுதியாட்டத்துக்கு முன் இரண்டு வாரம் இடைவெளி விடவேண்டும். மன்ஸ்டர் 2023இல் மே 13இல் அரையிறுதியும் மே 27இல் இறுதியாட்டமும் ஆடியதை நினைவுகூருங்கள். இடையில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் வந்ததால் தற்செயலாய்க் கிடைத்த ஓய்வு அது. தற்செயலாய் முடிந்தது, திட்டமிட்டால் முடியாதா? சர்வதேச ஆட்டங்கள் காத்திருக்கின்றன, ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் நெருக்குகின்றன என்று நிர்வாகிகள் சொல்லுவது எனக்கும் தெரியும். ஆனால் நெருக்கடியின் விலையை யார் செலுத்துகிறார்கள்? 2024 ஏப்ரலில் புல்ஸ் அணி, பிரிட்டோரியாவில் ஆடிய மறுவாரமே சாம்பியன்ஸ் கோப்பைக் காலிறுதிக்கு நார்தாம்ப்டன் போகவேண்டியிருந்தது. முன்னணி வீரர்களில் பெரும்பாலோரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய், 59-22 என்று தோற்றுத் திரும்பினார்கள். பணம் கொடுத்து வந்த பார்வையாளருக்குக் காலிறுதி என்ற பெயர் மாத்திரமே மிஞ்சியது.

சொந்த மண் என்பதன் மதிப்பை எல்லாரிலும் அதிகமாய் அறிந்தவர்கள் 2011ஆம் ஆண்டின் குரூசேடர்ஸ் என்று எனக்குத் தோன்றுகிறது. பிப்ரவரி 22ஆம் தேதி கிறைஸ்ட்சர்ச்சை உலுக்கிய பூமியதிர்ச்சியில் 185 பேர் மாண்டார்கள். அணியின் மைதானமும் பாழானது. அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் சொந்த நகரத்தில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. நெல்சனிலும் திமாருவிலும், ஒருமுறை லண்டன் ட்விக்கன்ஹாமிலும்கூட, "சொந்த ஊர் ஆட்டம்" ஆடினார்கள். பிளே-ஆஃப் சுற்றில் நெல்சனில் ஷார்க்ஸை 36-8 என்றும், ஒரு வாரம் கழித்துக் கேப்டவுனில் ஸ்டார்மர்ஸை 29-10 என்றும் வென்று, மறுவாரமே பிரிஸ்பேனில் இறங்கினார்கள். அங்கே ரெட்ஸ் அணி வீட்டைவிட்டு நகராமல் காத்திருந்தது. 52,113 பேர் கூடியிருந்தார்கள். ஆட்டம் 13-13 என்று சமநிலையில் இருந்தபோது வில் கெனியா பாதி மைதானத்துக்கும் மேல் தனியே ஓடிப் பந்தை வைத்தார். அவரைப் பிடிக்க ஒருவராலும் இயலவில்லை. 18-13.

மறு ஆண்டு மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச்சின் அடிங்டன் பகுதியில் ஒரு தற்காலிக மைதானத்தை அவசரமாய்க் கட்டித் திறந்தார்கள். 2025 பருவம் முடியும்வரை அந்த மைதானத்தில் நடந்த ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில்கூடக் குரூசேடர்ஸ் தோற்கவில்லை.