பாடு: ஒரு அடிக்குறிப்புக்கு மறுப்பு

ஏரி மீனவர்களைப் பற்றிய கதை ஒன்றின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு, 'பாடு - துன்பம் (வட்டார வழக்கு)' என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரே வரியில் இரண்டு பிழைகள்.

முதல் பிழை அர்த்தத்தில். கதையில் வருகிறவன் 'இன்னிக்கு நம்ம பாடு' என்கிறான். சந்தோஷமாகச் சொல்கிறான். இன்று நம் முறை என்று அர்த்தம். எங்கள் எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அதன் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர்களில் பாடு என்பது ஒரு ஏற்பாட்டின் பெயர். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்துப் பக்கம் கொழுத்த இடம். அதை ஒருவனே பிடித்துக்கொண்டால் மற்றவன் பட்டினி. ஆகவே தலைக்கட்டுகளைக் கணக்கெடுத்து, சீட்டுப் போட்டு, இன்று நீ இங்கே, நாளை அவன் என்று இடத்தைச் சுற்றுக்கு விடுகிறார்கள். இதற்குத் துன்பம் என்று பொருள் எழுத அகராதி வேண்டாம், அலட்சியம் போதும்.

துன்பம் என்ற அர்த்தம் இல்லை என்று நான் வாதிடவில்லை. 'படு' முதல் நீண்டு 'பாடு' ஆகிறது. சுடு சூடானது போல. வலையில் மீன் படுவது மீன்பாடு. சூரியன் படுவதும் பாடுதான். உடம்பு படுகிற பாட்டிலிருந்து பாட்டாளி வந்தான். நெய்தற்கலியில் பண்பு எதுவென்று சொல்லவரும் இடத்தில் பாடு என்பது உலக முறை என்ற அர்த்தத்தில் நிற்கிறது. ஒருவனுக்கு எது வந்து விழுகிறதோ அது அவன் பாடு. சீட்டு விழுவதும் அப்படித்தான் என்பது என் ஊகம். இத்தனை அர்த்தங்களில் நம் எழுத்தாளன் கைக்கு அகப்பட்டது துன்பம் ஒன்றுதான். மீனவன் என்றால் கஷ்டப்படுகிறவன் என்று அவன் முன்பே தீர்மானித்துவிட்டான். சொல்லைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இரண்டாவது பிழை 'வட்டார வழக்கு' என்ற முத்திரை. எந்த வட்டாரம்? கொச்சிக் காயலிலும் பாடு உண்டு. இலங்கையில் கரைவலைப் பாடு உண்டு. பூநகரிப் பக்கம் வலைப்பாடு என்று ஊரே இருக்கிறது. இத்தனை கரைகளில் வழங்கும் சொல் வட்டார வழக்கு, டி.கே.சி. 'கல்ச்சர்' என்பதற்கு ஈடாக முதலில் வழங்கினார் என்று வையாபுரிப் பிள்ளை சொல்லும் 'பண்பாடு' மட்டும் பொது வழக்கு! கோட்பாடு, முரண்பாடு, வெளிப்பாடு என்று பாடு இல்லாமல் ஒரு பத்தி எழுத முடியாத விமர்சகர்கள், அதே சொல்லை மீனவன் சொன்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்கள்.

இங்கிலாந்தில் ஜோசப் ரைட் என்று ஒருவர் இருந்தார். யார்க்ஷயர் ஆலையில் வேலை பார்த்த பையன். ஏறத்தாழ பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர். பின்னால் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி, 1898 முதல் 1905 வரை 6 தொகுதிகளாக ஆங்கிலக் கிளைமொழி அகராதியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சொல்லும் எந்தக் கவுன்டியில், எந்த வாக்கியத்தில் புழங்குகிறது என்று சாட்சி வைத்தார். 1982இல் கி.ரா. கரிசல் சொற்களுக்குச் செய்ததும் அந்தச் சிரத்தையின் இனம்தான். நம் அடிக்குறிப்புக்காரர்களுக்கோ வட்டாரச் சொல் என்பது ரசத்தில் மிதக்கும் கொத்துமல்லி.

இது வெறும் சொல் சண்டை அல்ல. நான் வங்கி குமாஸ்தா. கடன் மனுவில் 'ஈடு' என்று ஒரு கட்டம் உண்டு. பட்டா எழுதலாம், நகை எழுதலாம். பாட்டை எழுத முடியாது. தண்ணீருக்குப் பட்டா இல்லை. இடு ஈடானதும் படு பாடானதும் ஒரே இலக்கணம். ஆனால் ஒன்று காகிதத்தில் ஏறிவிட்டது, மற்றது வாயில் மட்டும் நிற்கிறது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்துவிட்டன. முகத்துவாரத்தை மணல் அடைக்கிறது. நாளை ஒரு அதிகாரியின் முன்னால் நின்று 'எங்க பாடு போச்சு' என்று ஒருவன் சொல்வான். துன்பம் என்று எழுதிக்கொண்டால் நிவாரணம் கொடுத்து அனுப்பிவிடலாம். உரிமை என்று எழுதிக்கொண்டால் பதில் சொல்லியாக வேண்டும். நம் அடிக்குறிப்பு அதிகாரிக்கு வேலையைச் சுலபமாக்கித் தருகிறது.

உடனே பாட்டைப் பழந்தமிழ்ப் பொதுவுடைமை என்று கவிதை எழுதக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரபாகப் பாடு பட்டினவர் தலைக்கட்டுகளுக்கு உரியது. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் தலித் மீனவர்களும் இருளர்களும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றார்கள். இதையொட்டித் தகராறுகளும் நடந்திருக்கின்றன. உள்ளே இருப்பவனுக்கு முறை. வெளியே இருப்பவனுக்கு அதே சொல் வேலி. இதை விட்டுவிட்டு எழுதுகிற பொருளும் பாதிப் பொருள்தான்.

ஆகவே அடுத்த பதிப்பில் அந்த நட்சத்திரக் குறியை எடுத்துவிடட்டும். அடிக்குறிப்பு எழுதியே தீரவேண்டுமானால் இவ்வளவு எழுதலாம்: பாடு - ஏரியில் வலை போடும் முறை, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை ஊர் தீர்மானிக்கும். இந்த ஒரு வரி எழுத ஏரிக்கரைக்கு ஒரு தடவையாவது போயிருக்க வேண்டும்.