‘ஒப்பீனியனேட்டட்’ என்றொரு வசை

“அவங்க கொஞ்சம் ஒப்பீனியனேட்டட்.” படித்தவர்கள் கூடும் இடத்தில் ஒரு பெண்ணின் வாயை அடைக்க இந்த ஒற்றைச் சொல் போதும். வாயாடி, அடங்காப்பிடாரி என்று தமிழில் சொன்னால் சண்டை வரும். ஆங்கிலத்தில் சொன்னால் அது நாகரிகமான மதிப்பீடாகிவிடுகிறது.

சொல்லின் பொருளைப் பார்ப்போம். ‘ஒப்பீனியன்’, கருதுதல் என்னும் பொருள்கொண்ட லத்தீன் வினையடியிலிருந்து வந்தது. ஆனால் ‘ஒப்பீனியனேட்டட்’ என்றால் கருத்துள்ளவர் என்று பொருளல்ல. தன் கருத்தே சரியென்று அளவுமீறிப் பிடித்துக்கொண்டிருப்பவர். கருத்து இருப்பதை அல்ல, அசைய மறுப்பதையே அச்சொல் பழிக்கிறது. அப்படியானால், அதைச் சொல்பவர் முதலில் மறுப்பு வைத்திருக்க வேண்டும். சான்று காட்டியும் அசையாதவரைத்தானே பிடிவாதக்காரர் எனலாம்?

நடப்பது வேறு. நான் இருந்த ஓர் ஆசிரியர் கூட்டத்தில் இளம் விரிவுரையாளர் ஒருவர் கேட்டார்: நூலகம் இரவு 8 மணிவரை திறந்திருக்கிறது, பெண்கள் விடுதிக் கதவை 6.30-க்கே பூட்டினால் மாணவிகள் அங்கே எப்போது படிப்பது? யாரும் பதில் சொல்லவில்லை. “மேடம் ரொம்ப ஒப்பீனியனேட்டட்” என்றார் மூத்த பேராசிரியர். சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார்கள். 20 ஆண்டுகளாகத் தன் பாடக்குறிப்பில் ஒரு வரியும் மாற்றாத அவரை எவரும் அப்படி அழைத்ததில்லை. அவர் ‘கொள்கைப் பிடிப்புள்ளவர்’.

இது பழைய நோய். வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்க மணிமேகலை ஆண் துறவி வடிவம் எடுக்க வேண்டியிருந்தது. இளம்பெண் என்றால் எவரும் தம் கொள்கைப் பொருளைச் சொல்லமாட்டார்கள் என்பதே காப்பியம் தரும் காரணம். காட்சி அளவையை மட்டுமே ஏற்கும் பூதவாதியிடம், அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று அவள் மடக்கியதும் அந்த வடிவில்தான்.

நமக்கு வேடம் வேண்டாம். அடுத்த முறை அந்தச் சொல் உங்கள்மேல் விழுந்தால் குரலைத் தாழ்த்தாதீர்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள். என் கருத்தில் எது தவறு? நீங்கள் காட்டிய எந்தச் சான்றை நான் ஏற்க மறுத்தேன்? பதில் வந்தால் விவாதம் தொடங்கட்டும், நாம் கேட்பதும் அதைத்தான். வராவிட்டால், பிடிவாதம் யாருடையது என்று கூடியிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.