பள்ளிக் கதவும் தடுப்பூசி அட்டையும்

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும் வேளைதோறும் ஊர்ப் பெரியவர்களிடையே ஒரு கேள்வி எழுவதைக் கண்டு வருகிறோம். தடுப்பூசி போட்டுக்கொள்ளாத குழந்தையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாமா? அட்டையைக் காட்டினால்தான் இடம் என்று சட்டம் செய்துவிட்டால் என்ன? நூல் விலையையும் பருத்தி விலையையும் பேசவேண்டிய ஏட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். தறியில் அமர்ந்திருப்பவரும் கரிசலில் உழுகின்றவரும் நம் சங்க உறுப்பினர்கள். அவர்களுடைய பிள்ளைகளே வெம்பக்கோட்டை வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஆதலின் இதைப் பேச நமக்கு உரிமை உண்டு.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பள்ளியில் சேரும் ஒவ்வொரு குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் பார்த்தல் கட்டாயமாக வேண்டும். விட்டுப்போன ஊசியைப் போடச் செய்தலும் கட்டாயமாக வேண்டும். ஆனால் அந்தக் கட்டாயம் பள்ளியின் மேலும், சுகாதாரத் துறையின் மேலும், பெற்றோருக்கு வேலை கொடுப்பவர் மேலும் அமைய வேண்டுமேயன்றி, ஆறு வயதுப் பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்துவதாக அமையக்கூடாது.

கட்டாயம் வேண்டும் என்போர் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. தட்டம்மையை எடுத்துக்கொள்வோம், நம் பக்கத்தில் மணல்வாரி என்பதும் அதுவே. தொற்றும் நோய்களில் இதைப்போல் விரைந்து பரவுவது அரிது. நோயாளி இருந்துவிட்டுப் போன அறையின் காற்றிலேகூட இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி தங்கியிருக்கும். நூறு பேரில் 95 பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் ஊருக்குள் அது பரவாமல் நிற்கும் என்பது மருத்துவர் கணக்கு. முதல் ஊசியோ குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. அதற்கு உட்பட்ட கைக்குழந்தையும், புற்றுநோய்க்கு மருந்து உண்ணும் சிறுவனும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர்கள். பள்ளிக்குச் சென்ற அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவரும் நோய் தொட்டிலில் கிடக்கும் தங்கையைப் பற்றுகிறது. ரூபெல்லா என்னும் அம்மை கருவுற்ற தாயைப் பற்றினால், பிறக்கும் குழந்தை கண்ணும் செவியும் இதயமும் பழுதுபட்டுப் பிறக்கக்கூடும்.

கூட்டுறவாளருக்கு இது புதிய பாடம் அன்று. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோன்றிய கிராமக் கடன் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பு உடையனவாக அமைந்தன. ஒருவர் தவணை தவறினால் அந்தச் சுமை எல்லோர் தலையிலும் விழும். ஊர்த் தடுப்பாற்றலும் அவ்வாறே. ஐந்து பேர் தவறினால் சங்கம் தாங்கும். இருபது பேர் தவறினால் ஒழுங்காகக் கட்டியவன் வீடும் சேர்ந்து போகும். (எல்லா ஊசியும் இந்த வகையைச் சேர்ந்ததன்று. இரண ஜன்னி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. முள் தைத்த காலைக் காப்பதற்கான ஊசி அது. எல்லாவற்றுக்கும் ஒரே வாதத்தை நீட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை.) எனினும் கூட்டுறவின் முதல் கொள்கை விருப்ப உறுப்பினர் முறை என்பதையும் மறந்துவிடுவதற்கில்லை. பொறுப்பு பொது, சேர்க்கை விருப்பம், இரண்டையும் ஒருங்கே வைத்து நடத்துவதுதான் நம் தொழில்.

நம் மக்களுக்கு அம்மை வெறும் நோயன்று. அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் ஆடி வெள்ளிக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அம்மனைக் கும்பிட்ட அதே மக்கள்தாம் அம்மை குத்துபவருக்கும் கையை நீட்டினார்கள். எல்லோரும் மனமொப்பி நீட்டினார்கள் என்று சொல்ல மாட்டோம். அவர் வருகிறார் என்றவுடன் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. இந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சட்டங்களுள் முன்னோடியான 1939ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் அம்மைப்பால் வைத்துக்கொள்வதைக் கட்டாயமாக்க இடம் அளித்தது. சட்டம் இருந்தும் பெரியம்மை பல்லாண்டுகள் நின்றே இருந்தது. 1975 மே மாதத்தோடு அது இந்தியாவை விட்டுப் போனதற்குக் காரணம், வீடு வீடாகத் தேடி, நோய் கண்ட இடத்தைச் சூழ்ந்து, அங்குள்ள அனைவருக்கும் ஊசி போட்ட ஊழியர்களின் உழைப்பு. வடநாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் அப்போது பலவந்தமும் நடந்தது. அந்த மனக்கசப்பு பின்னர் வந்த ஊசிகளின் மேலும் படிந்தது.

வெளிநாடுகளில் நடந்ததையும் சிறிது பார்ப்போம். இங்கிலாந்து 1853இல் குழந்தைகளுக்கு அம்மைப்பாலைக் கட்டாயமாக்கியது. அபராதம் கட்ட முடியாத ஏழைத் தொழிலாளியின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. 1885இல் லெஸ்டர் நகரில் மாபெரும் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. 1898இல் மனச்சான்றின் பேரில் மறுப்போருக்கு அந்நாடு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1922இல் உச்சநீதிமன்றமே, ஊசி போடாத பிள்ளையைப் பள்ளி மறுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இன்றும் அங்கே மாநிலங்கள் பள்ளி வாயிலில்தான் அட்டையைக் கேட்கின்றன. நமக்கு மிகுந்த பாடம் இருப்பது இத்தாலியிலும் ஜெர்மனியிலும். இத்தாலி 2017இல் பத்துத் தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கிற்று. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மழலைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம். ஆனால் ஆறு வயதைக் கடந்து கட்டாயக் கல்விக்கு உரிய பிள்ளையை வெளியே நிறுத்தக்கூடாது, பெற்றோர்க்கு அபராதம் மட்டுமே. 2020 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியத் தட்டம்மைச் சட்டமும் அவ்வாறே கல்விக் கடமை உள்ள வயதினரை வெளியேற்றவில்லை. அத்துணைச் செல்வமும் ஒழுங்கும் உடைய நாடுகளே பள்ளிக் கதவைத் தொடத் தயங்கின என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் சட்டம் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 21அ பிரிவும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்குக் கல்வியை உரிமையாக்கியிருக்கின்றன. வயதுச் சான்று இல்லை என்றுகூட இடம் மறுக்கலாகாது. வயதுச் சான்றே தடையாகாதபோது ஊசிச் சான்று தடையாவது எங்ஙனம்? 2019 ஜனவரியில் தில்லி உயர்நீதிமன்றம், பெற்றோரின் இசைவின்றிப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடலாகாது என்றது. 2022 மே 2ஆம் நாள் ஜேக்கப் புலியெல் வழக்கில் உச்சநீதிமன்றம், எவரையும் வலிந்து ஊசி போட்டுக்கொள்ளச் செய்யக்கூடாது என்றும், சமுதாய நலன் கருதி அரசு நியாயமான, அளவுக்கு உட்பட்ட கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் கூறியது. அது கொரோனா ஊசியைப் பற்றிய வழக்கு. ஆயினும் அளவறிந்து செய்க என்னும் அதன் அறிவுரை இங்கும் பொருந்தும்.

சட்டத்தை விட்டு நம் ஊர் நிலைக்கு வருவோம். பெருநகரத்தில் ஒரு பள்ளி மறுத்தால் பிள்ளை வேறொரு பள்ளிக்குப் போகும். வெம்பக்கோட்டையிலும் தாயில்பட்டியிலும் ஏழாயிரம்பண்ணையிலும் பள்ளி மறுத்த பிள்ளை எங்கே போகும்? பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற இந்தப் பகுதியிலிருந்து குழந்தைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பப் பட்டபாடு சிறிதன்று. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10ஆம் நாள், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எழுந்த வழக்கில், அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் அந்தக் குழந்தையின் கல்விக்கு வழி செய்ய வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016இல் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதே குற்றமாயிற்று. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்னும் சந்து ஒன்று அபாயமற்ற தொழில்களில் விடப்பட்டது. இத்தனை பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த பிள்ளையை ஒரு காகித அட்டைக்காக வெளியே அனுப்புவதா? வெளியே போன பிள்ளை ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும் என்பது நகரத்து நம்பிக்கை. காகிதக் குழாய் சுருட்டும் வீட்டுத் திண்ணையில் அது அமர்ந்துவிடும் என்பதே நம் அச்சம். மேலும், அந்தப் பிள்ளைக்கு ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்க்க நமக்கு இருக்கும் மிகச் சிறந்த இடமே பள்ளிக்கூடந்தான். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய ஊசிகளைச் செவிலியர் பள்ளிக்கு வந்தே போடுகின்றனர்.

அட்டையில் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். கொள்கையால் மறுப்போர் நம்மிடையே மிகச் சிலர். தமிழ்நாட்டில் சிற்றூர்த் தடுப்பூசி நாள் புதன்கிழமை. புதன்கிழமை வேலை நாள். விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறிச் செல்லும் தாய்க்கு உருப்படிக் கணக்கில் கூலி. அன்று நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. ஊசி போட்ட இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மறுநாள் கூலியும் போகும். பிறந்தவுடன், ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் எனத் தாய் வீட்டில் இருக்கும் காலத்து ஊசிகள் தவறுவது குறைவு. வேலைக்குத் திரும்பிய பின் வரும் ஒன்றரை வயது ஊசியும் ஐந்து வயது ஊசியுமே விட்டுப்போகக் கூடியவை. பாவு பிணைக்கும் நாளில் நெசவாளியும், பருத்தி வெடித்த நாளில் விவசாயியும் எதிர்கொள்ளும் நிலையும் இதுவே. இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எழுதுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது.

மனத்தைவிட வசதியே எண்ணிக்கையை ஆட்டி வைக்கும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாட்டில் ஊர்தோறும் நடந்த ஊசி முகாம்கள் நிறுத்தப்பட்டு, மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடும் முறை வந்தது. அச்சம் ஒருபுறம், தொலைவு மறுபுறம். எல்லா ஊசிகளும் போட்ட ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகள் 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 81 பேர். 2015-16 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 70 பேர். 2019-21இல் மீண்டும் 89 பேர். இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் எந்தக் கட்டாயச் சட்டமும் செய்யவில்லை. மக்களின் நம்பிக்கை குலைந்தபோதும் செவிலியர் எட்டிப் போனபோதும் எண் விழுந்தது. அவை திரும்பியபோது எழுந்தது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம் முதலிய இடங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளோர்க்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி செவிலியருக்கு முன்னால் ஓடிற்று. பல பெற்றோர் அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. காலக்கெடு நீட்டிக்கப்பட வேண்டியதாயிற்று. வதந்திக்கு மறுமொழி சொல்லாமல் ஆணை மட்டும் பிறப்பித்தால், பள்ளி வாயிலே பயத்திற்கு உரிய இடமாகிவிடும் என்பதை அந்த மாதம் காட்டியது. திருவள்ளூரை மறைத்துவிட்டு ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்வதையும் நாம் ஏற்கவில்லை. ஊசியால் வரும் காய்ச்சலையும், அரிதாக வரும் பெருந்தீங்கையும் திறந்து சொல்லி, தீங்கு நேர்ந்தால் பார்த்துக்கொள்ள யார் பொறுப்பு என்பதையும் சொன்னால் நம் தாய்மார் நன்றாகவே எடைபோடுவார்கள். பஞ்சின் எடையில் ஏமாறாதவர்கள் அவர்கள்.

ஆயினும் எல்லாம் விளக்கிய பின்னும் மறுப்பவரை என்செய்வது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அபராதத்தை நாம் விரும்பவில்லை. ஒருவனுக்கு மூன்று நாள் கூலியாக இருக்கும் தொகை மற்றொருவனுக்கு ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. ஒன்றை மட்டும் ஒப்புகிறோம். பள்ளியில் தட்டம்மை கண்டுவிட்டால், ஊசி போடாத பிள்ளை 21 நாள் வீட்டில் இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கும் அதுவே பாதுகாப்பு. பாடம் வீடு தேடிச் செல்லட்டும், வருகைப் பதிவில் குறை விழாதிருக்கட்டும், பெயர் நீக்கம் என்னும் பேச்சே கூடாது. சங்கக் கணக்கில் குறை கண்டவுடன் சங்கத்தைக் கலைப்பதில்லை. தணிக்கைக் குறிப்பு எழுதி, தவணை கொடுத்து, மறுபடியும் சென்று பார்க்கிறோம். ஊசி தவறிய பிள்ளைக்கும் அந்த அளவு பொறுமை வேண்டும்.

நடைமுறையில் வேண்டுவன இவை. முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் சேரும் பிள்ளையின் அட்டையைத் தலைமையாசிரியர் வாங்கிப் பார்த்துக் காலிக் கட்டங்களின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு மாதத்துக்குள் சேர்ப்பதை அரசு கடமையாக்கட்டும். அட்டை தொலைந்துபோனால் அதுவும் பட்டியலில் சேரட்டும், பிள்ளை வகுப்பில் இருக்கட்டும். ஆலைகள் ஓயும் ஞாயிற்றுக்கிழமையில், மாதம் ஒரு முறையாவது, வெம்பக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்களில் ஊசி நாள் அமையட்டும். பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் ஊசிச் சீட்டைக் காட்டும் தாய்க்கு அரைநாள் கூலியைக் கழிக்காமல் தரட்டும்.

நம் சங்கங்களால் இயன்றதும் ஒன்று உண்டு. மருத்துவமனைகளுக்குக் கட்டுத் துணி நெய்து அனுப்பும் சத்திரப்பட்டி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஊரார் உடல்நலத்துக்கு நூல் நூலாக உழைப்பது நமக்குப் புதிதன்று. இலாபத்தில் ஒதுக்கும் பொது நன்மை நிதியிலிருந்து, ஊசி நாளன்று தறி நிறுத்திய உறுப்பினருக்கு ஒரு சிறு தொகை கொடுப்பதைப் பற்றி வரும் பொதுப் பேரவைக் கூட்டத்திலே ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். துணை விதிகளில் இடம் உண்டா என்று கேட்கும் செயலாளர்களுக்கு: தீர்மானத்தை முதலில் எழுதி அனுப்புங்கள், ஒப்புதலுக்கு உரிய வழியைத் துறையில் கேட்டுச் சொல்கிறோம்.