கைத்திறனும் காக்கப்பட வேண்டிய செல்வமே

பழங்காலச் சின்னங்களைக் காப்பதற்கென நம் நாட்டில் 1904-லும், பின்னர் 1958-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயின் அச்சின்னங்களைச் செப்பனிடவல்ல கைத்திறனைக் காப்பதில் அத்துணை அக்கறை காட்டப்படவில்லை. திறன் அழிந்தபின் சட்டம் மட்டும் கட்டடத்தைத் தாங்கிவிடாது.

சுண்ணாம்புக் காரையை எடுத்துக்கொள்வோம். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்று இறுகுகிறது. அவ்வாறு இறுகிய காரை, சுவரின் ஈரம் வெளியேற இடந்தரும். சிமென்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். நாளடைவில் உப்புப் பூத்துப் பழைய கல்லும் செங்கல்லும் உதிரும். இந்த ரசாயனத்தை நூல்களில் கற்கலாம். சுண்ணாம்பு ஊறிய பதத்தையும், பூச்சைத் தேய்த்து மெருகேற்றும் நேரத்தையும் அனுபவமுள்ள கொத்தனாரின் அருகிலிருந்தே கற்க இயலும்.

டில்லியிலுள்ள ஹுமாயூன் சமாதி இதற்குத் தக்க சான்றாகும். 2013-ல் நிறைவுற்ற சீரமைப்பின்போது, முந்திய நூற்றாண்டில் கூரைமீது இடப்பட்ட சுமார் 10 லட்சம் கிலோ கான்கிரீட் அகற்றப்பட்டது. கைவினைஞரின் உழைப்பு 2 லட்சம் ஆள்நாட்கள் ஆயிற்று. வண்ண மெருகோடு செய்யும் தொழில் அங்கே அற்றுப்போயிருந்தமையால், உஸ்பெகிஸ்தானிலிருந்து வல்லுநர்களை வரவழைத்து, அருகிலுள்ள நிஜாமுத்தீன் பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்க நேர்ந்தது. அற்றதை மீட்பதிலும் எஞ்சியதைக் காப்பது எளிதன்றோ!

செய்முறையை எழுதிவைத்தால் போதும், படம்பிடித்தால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். அவை வேண்டியவையே, எனினும் போதுமானவை அல்ல. பயிற்சி நிலையங்களைத் திறப்பதாலும் குறை முற்றும் தீராது. பயின்றவனுக்குத் தொடர்ந்து வேலை இல்லையேல், அவன் பிழைப்பை நாடிச் சிமென்டுக் கட்டட வேலைக்கே செல்வான். மிகக் குறைந்த தொகை கேட்பவருக்கே பணி என்னும் ஒப்பந்த முறையில் தேர்ந்த கைக்கு மதிப்பில்லை. பழுதுபார்க்கும் பணிகளில் திறனையும் தகுதியாகக் கொண்டு, கூலியை அதற்கேற்ப வகுத்தல் வேண்டும். தேசியப் பாதுகாப்புக் கொள்கை 2014-ல் மரபுக் கைவினைஞரின் பங்கை ஏற்றுள்ளது. அது செயலில் விளங்க இதுவே வழி.

முதற்பணி, எஞ்சியுள்ள திறன்களை இனங்காண்பது. களப்பணியாளர் தாம் செல்லும் இடந்தோறும், இன்ன வேலையை அறிந்தவர் யார், அவருக்கு வயது என்ன, அவரிடம் பயில்பவர் உளரா என்னும் மூன்று செய்திகளையும் குறித்தல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவரைச் சின்னங்களைக் காண அழைத்துச் செல்லும்போது, அங்கு வேலை செய்யும் கைகளையும் காட்டுதல் வேண்டும். முதியவர் ஒருவரே அறிந்து, பயில்வார் எவருமில்லாத தொழிலை, விரிசல் கண்ட சுவரைப் போலவே அவசரமாகக் கருதுதல் கடமையாகும்.